குறைந்த பொருளில் கணினி கொள்வார்க்கு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் இலக்கியமுமன்று, சமயமுமன்று. தமிழாசிரியன் ஒருவன் கணினியின் உறுப்பொன்றைப்பற்றி விரித்துரைக்க எழுந்தது என்ன காரணம்பற்றி என்று உங்களுட் சிலர் வினவுதல் கூடும். காரணம் வெளிப்படை. நம்மவர் குடும்பங்களிற் பல, பிள்ளை மேல்வகுப்பிற்குச் சென்றவுடன் கணினி ஒன்று வாங்குகின்றன. அதன்பொருட்டு நகையை அடகு வைப்பாரும் உளர். நம் கல்வி நிதியிலிருந்து கடன் பெறுவாரும் உளர். அங்ஙனம் அரிதிற் சேர்த்த பொருள், கடைக்காரரின் வாய்ச்சொல் ஒன்றையே நம்பிச் செலவாதலைக் கண்டு, நிர்வாகிகள் இதனைக் குறித்துச் சிறிது பேசுமாறு எம்மைப் பணித்தனர். எம் பள்ளியின் கணினி அறைப் பொறுப்பும் சில ஆண்டுகளாக எம்பால் இருத்தலின் இசைந்தோம்.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். பிராஸஸர் என்பதற்குச் செயலி என்னும் தமிழ்ச்சொல் அழகிதாகவே அமைந்தது. ஆயினும், அச்சொல்லையே கைப்பேசியில் உள்ள ஆப் என்பதற்கும் இப்பொழுது வழங்கத் தொடங்கிவிட்டனர். கடைக்குச் சென்று, 'நல்ல செயலி ஒன்று தருக' என்பீராயின் அவர் உம் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பார். ஆதலின் இப்பேச்சளவில் பிராஸஸர் என்றே வழங்குவோம், தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

பிராஸஸராவது கணினியின் கணக்கையெல்லாம் செய்து முடிக்கும் சிறு சில்லு. 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த 4004 என்னும் சில்லில் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று வீட்டுக் கணினியில் உள்ள சில்லுகளில் அவை கோடிக்கணக்கானவை. 1968-இல் தோன்றிய இன்டெல், 1969-இல் தோன்றிய ஏ.எம்.டி. என்னும் இரு நிறுவனத்தாரின் சில்லுகளே மேசைக்கணினிக்கென நம் கடைகளிற் பெரும்பாலும் கிடைப்பன. இவ்விரண்டனுள் எது உயர்ந்தது என்று இளைஞர் வழக்காடுவது யாம் அறிந்ததே. அவ்வழக்கால் நமக்கு ஆவதொன்றுமில்லை. கொடுக்கும் பணத்திற்கு எச்சில்லு எவ்வேலையைச் செய்யும் என்பதே நாம் காண வேண்டுவது.

அதனைத் தாய்மார்க்கும் விளங்குமாறு ஒரு கலியாணச் சமையற்கட்டைக் கொண்டு கூறுவோம். பிராஸஸரின் உள்ளே கோர் எனப்படுவன சமையற்காரர்களை ஒப்பன. நால்வர் இருப்பின் ஒருவர் சோறு வடிக்க, ஒருவர் குழம்பு கூட்ட, ஏனையோர் கறியும் பாயசமும் பார்ப்பர். ஆனால் இரசம் ஒன்றே வைக்க வேண்டியவிடத்துப் பத்துப்பேர் நின்றாலும் அது விரைந்து கொதித்துவிடுவதில்லை. அங்கே வேண்டுவது ஒருவரது கைவிரைவே. பிராஸஸருக்கும் அஃதே. கோர்களின் தொகையும் வேண்டும். ஒவ்வொரு கோரின் விரைவும் வேண்டும். இனி, சமையற்காரர் கையருகே அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. சற்று அப்பால் உக்கிராண அறை இருக்கிறது. அங்கும் இல்லையாயின் கடைத்தெருவிற்கு ஆள் போக வேண்டும். கேஷ் என்று சில்லின் உள்ளே அமைந்திருப்பது அஞ்சறைப்பெட்டி, ராம் என்பது உக்கிராணம், எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க் கடைத்தெரு. கைவிரைவு மிக்க சமையற்காரரேயாயினும் கடுகு ஒவ்வொன்றிற்கும் கடைத்தெருவிற்கு ஆளனுப்பினால் பந்தி காத்துக் கிடக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்திய அளவிலேயே பழங்கணினி புத்துயிர் பெறுவது இதனால்தான்.

இங்ஙனம் இருக்க, நம்மவர் கடையில் கேட்பது யாது? 'ஐ-3 வேண்டா, ஐ-7 தருக' என்பதே. ஐ-3, ஐ-5, ஐ-7 என்பன பட்டப்பெயர்கள். அவற்றின்பின் வரும் எண்ணே ஆளை அறிவிப்பது. 2016-இல் வெளிவந்த மடிக்கணினிச் சில்லாகிய ஐ-7 7500-யு என்பதில் உள்ள கோர்கள் 2. 2022-இல் வெளிவந்த மேசைக்கணினிச் சில்லாகிய ஐ-3 12100 என்பதில் உள்ள கோர்கள் 4. ஒவ்வொரு கோரும் முன்னதினும் மிக விரைவானது. பட்டத்தில் தாழ்ந்தது வேலையில் உயர்ந்து நிற்கின்றது! பட்டத்தை நோக்கி மயங்கும் வழக்கம் நமக்குக் கணினியில் மட்டுமா என்று கேட்கத் தோன்றுகின்றது, அது நிற்க.

நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கென ஒரு கடையில் 'ஐ-7 கேமிங் கணினி' என்று எழுதி வைத்திருந்ததை வாங்கி வந்தனர். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வண்ண விளக்குகள் பல எரிந்தன. திறந்து பார்த்தபோது அதில் இருந்தது ஐ-7 2600. அது 2011-இல் வெளிவந்தது. 2600 என்பதன் முதலெண் 2, இரண்டாந் தலைமுறை என்பதைக் குறிக்கும்; 12100 என்பதன் முதலிரண்டெண் 12, பன்னிரண்டாந் தலைமுறையைக் குறிக்கும். தன் காலத்தில் 2600 சிறந்த சில்லே. அதனை யாம் இகழவில்லை. ஆயின், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துபோயிற்று. விண்டோஸ் 11-க்கோ இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாந் தலைமுறை முதலாகவும், ஏ.எம்.டி.யில் ரைஸன் 2000 வரிசை முதலாகவும் உள்ளவற்றையே அந்நிறுவனத்தார் ஏற்றனர். அப்பையன் விரும்பிய வேலரன்ட் என்னும் விளையாட்டு, விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0 என்னும் காவலமைப்பு இன்றேல் ஓடாது. அவனுடைய மதர்போர்டில் அஃது இல்லை. லினக்ஸ் இட்டு எழுத்துவேலைக்குப் பயன்கொள்ளுமாறு அமைத்துக் கொடுத்தோம். அவர்கள் கொடுத்த பணத்திற்கு ஏறக்குறைய ஒத்த விலையில் புதிய ஐ-3 கணினி ஒன்று அமைத்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

இனி விளையாட்டைப்பற்றி வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். பிள்ளைகள், 'படிப்பிற்கு' என்று மட்டும் சொல்லுகின்றனர். தந்தையர் அதனை முழுதும் நம்பாமலும் மறுக்காமலும் பணத்தைத் தருகின்றனர். இம்மறைப்பினால் விளைவது, படிப்பிற்கு மிகையாகவும் விளையாட்டிற்குப் போதாமலும் நடுவே நிற்கும் ஒரு பொறி. நாளொன்றிற்குச் சிறிது நேரம் விளையாடுவதில் குற்றமொன்றும் எமக்குத் தோன்றவில்லை. விளையாட்டு வேண்டுமா, எவ்விளையாட்டு என்று பிள்ளையை முன்னமே கேட்டுவிடுங்கள். பிராஸஸரைத் தெரிதல் அவ்விடையில்தான் தொடங்குகின்றது.

எங்ஙனமெனின், விளையாட்டின் வேலை இருவர்பால் உள்ளது. திரையில் நொடிக்கு 60 படம் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு படத்திற்கும் பந்து எங்கே வீழ்ந்தது, எதிரி எப்பக்கம் திரும்பினான் என்று கணித்துச் சொல்வது பிராஸஸர். அச்சொல்லைக் கேட்டு வண்ணமிட்டு வரைவது கிராபிக்ஸ். சொல்பவன் எவ்வளவு விரைந்து சொல்லினும், வரைபவன் மந்தனாயின் படம் தயங்கித் தயங்கியே வரும். ஆகவே பிராஸஸருக்கே பெரும்பணத்தைக் கொட்டிவிட்டு, கிராபிக்ஸுக்கு ஒன்றும் வையாதவன், புலவர்க்குப் பொன்னளித்து ஏடெழுதுவோனுக்குக் கூலி கொடாதவனை ஒப்பன்.

விளையாட்டே வேண்டா, பாடம், எழுத்து, வங்கிக் கணக்கு, படம் பார்த்தல் இவையே போதும் என்பார்க்கு மேற்கூறிய ஐ-3 12100 முற்றும் போதும். அதனுள்ளேயே எளிய கிராபிக்ஸ் உண்டு.

விளையாட்டும் வேண்டும், ஆயினும் தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணமில்லை என்பவரே நம்முள் மிகுதி. அவர்க்கு யாம் கூறுவது ஏ.எம்.டி.யின் ரைஸன் 5 5600-ஜி. 2021-இல் வெளிவந்தது, 6 கோர்கள் உடையது, 65 வாட் வகுப்பைச் சார்ந்தது. அதனுள்ளே அமைந்த வேகா கிராபிக்ஸ், வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளைத் தடையின்றி ஓட்டும், ஜி.டி.ஏ. 5 போன்ற பழைய பெருவிளையாட்டுகளையும் அழகு அமைப்புகளைக் குறைத்துக்கொண்டால் ஆடலாம். அண்மையில் வந்த பெருவிளையாட்டுகளை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. 2024-இல் வந்த 8600-ஜி கிராபிக்ஸில் இதனினும் வலியது. ஆனால் அதற்கு ஏ.எம்.5 மதர்போர்டும் டி.டி.ஆர். 5 ராமும் வேண்டுதலின் மொத்தச் செலவு ஏறும். பணம் சிறிது மிக்கார் அதனை நாடுக.

5600-ஜி வாங்குவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி உக்கிராணம் இல்லை. கணினியின் ராமையே அதுவும் பங்கிட்டுக்கொள்ளும். ஆதலின் 16 ஜி.பி. ராமை ஒரே பட்டையாக இடாமல் 8 ஜி.பி. பட்டை இரண்டாக இட வேண்டும். அப்பொழுது ராமிற்குச் செல்லும் வழி இரண்டாகி, விளையாட்டின் விரைவு கண்ணுக்குத் தெரியுமாறு கூடும். கடைக்காரர் ஒரு பட்டையை இட்டு, 'பின்னர் மற்றொன்று சேர்த்துக்கொள்ளலாம்' என்பார். உடன்படற்க. இன்னொரு வழக்கமும் உண்டு: ஜி.டி. 710 என்னும் பழைய கார்டைச் செருகி, '2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டுடன்' என்று விலையை ஏற்றுவர். 5600-ஜியின் உள்ளே உள்ள கிராபிக்ஸ் அதனினும் பன்மடங்கு வலியது. அக்கார்டிற்குக் கொடுக்கும் பணம் வீண்.

தனிக் கார்டு வாங்கும் ஆற்றலுடையார்க்கு வழி வேறு. அவர்க்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் வேண்டுவதின்று. ஐ-3 12100-எஃப், அதற்கு மேல் ஐ-5 12400-எஃப், ஏ.எம்.டி.யில் ரைஸன் 5 5600 என்பன தக்கன. ஈற்றில் ஜி இல்லாத 5600-இல் கேஷ் 32 எம்.பி.; 5600-ஜியில் 16 எம்.பி. தான். அஞ்சறைப்பெட்டி பெரிதாதலின் விளையாட்டில் முன்னது விஞ்சும். நான்கு கோரா ஆறு கோரா என்னும் வினாவிற்கு, இயன்றால் ஆறு என்பதே எம் கருத்து. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 முதலிய விளையாட்டுப் பெட்டிகளில் 8 கோர்கள் உள்ளன. அவற்றை மனத்திற்கொண்டு ஆக்கப்படும் விளையாட்டுகள் நான்கு கோரை மூச்சுத் திணறச் செய்கின்றன. ஆனால் ஆறு கோருக்கென்று கார்டின் பணத்தைக் குறைத்துவிடலாகாது. கார்டுக்குப் பிராஸஸரின் விலையைப் போல் இருமடங்கு ஒதுக்குவதைத் தவறென்னோம்.

ஈற்றெழுத்தை உற்று நோக்குக. இலக்கணம் பயின்றார்க்கு இஃது அரிதன்று. ஓரெழுத்துப் பொருளை முற்றும் மாற்றிவிடும் என்பதை அவர் அறிவர். இன்டெல் எண்ணின் இறுதியில் எஃப் வந்தால் அதனுள் கிராபிக்ஸ் இல்லை. விலை குறைவென்று 12100-எஃப் வாங்கிக் கார்டு வாங்காது விட்டால், விசிறி சுழலும், விளக்கெரியும், திரையில் ஒன்றும் தோன்றாது. ஏ.எம்.டி.யின் 5000 வரிசையிலோ முறை மாறும்: அங்கே ஜி இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. மேலும், மூடிய பெட்டியில் வருவதையே கேட்க. 'டிரே' என்று பெட்டியின்றி விற்பதில் விசிறியும் இராது, நிறுவனத்தாரின் மூன்றாண்டு உத்தரவாதமும் ஐயத்திற்குரியது.

முன்னரே கணினி உடையவர் புதிது வாங்குமுன் தம் மதர்போர்டின் பெயரைப் பார்த்தல் நலம். 2018-இல் வந்த பி-450 வகை மதர்போர்டு பலவற்றில், பயாஸ் என்பதைப் புதுப்பித்துக்கொண்டால் 2022-இன் ரைஸன் 5 5600 பொருந்தும். பெட்டி, ராம், மின்வழங்கி யாவும் பழையனவாகவே இருக்கச் சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்டெல்லில் எல்.ஜி.ஏ. 1700 என்னும் மதர்போர்டு 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைக்கும் உரியது.

பேச்சின் இறுதியில் அம்மையார் ஒருவர், 'மகள் கல்லூரி விடுதியில் தங்கப்போகிறாள். அவளுக்கு மடிக்கணினியன்றோ வேண்டும்?' என்று வினவினார். நல்ல வினா. மடிக்கணினியில் பெயர்மயக்கம் இன்னும் மிகுதி. ரைஸன் 5 7520-யு என்பது 2022-இல் வெளிப்பட்டது. 7 என்று தொடங்குவதால் புதியதென்றே எவரும் எண்ணுவர். அதன் கோர்கள் நான்கும் 2019-இல் வந்த ஜென் 2 என்னும் அமைப்பின. அவ்வெண்ணின் மூன்றாம் இடத்தில் உள்ள 2 என்பதே அதனைக் காட்டுவது. பாடத்திற்கு அது போதும். புதியதன் விலை கொடுத்து வாங்குதற்கு உரியதன்று. பிராஸஸரை மடிக்கணினியிற் பின்னர் மாற்ற இயலாது. பலவற்றில் ராமும் பலகையோடு ஒட்டப்பட்டே வரும். ஆதலின் 8 ஜி.பி. உடையதை வாங்குமுன், கூடுதலாகச் செருக இடமுண்டா என்று கடையிலேயே கேட்டு, அவர் கூறும் விடையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுமாறு அவ்வம்மையாருக்குச் சொன்னோம்.