ஆங்கிலம் போதிக்க வருகிறவரின் ஆங்கிலத்தை எப்படி அளப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, தன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதினாள். அவற்றில் ஒன்று 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பது. திருத்தி வந்த நோட்டில் அந்த வாக்கியத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'ஐ எம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று ஆசிரியையின் கையெழுத்து. லாரி ஓட்டுநரான தந்தைக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆறாம் படிவம் படிக்கும் அக்காள் மகன் வீட்டுக்கு வந்தபோது நோட்டை எடுத்துக் காட்டினார்.

"மாமா, பாப்பா எழுதினதுதான் சரி."

"அப்போ டீச்சர் எழுதினது?"

"தப்பு மாமா."

"டீச்சர் எப்படிடா தப்பா எழுதுவாங்க?"

அதற்குள் அந்தப் பிள்ளை குறுக்கிட்டாள்: "நான் டீச்சர் எழுதினதைத்தான் மனப்பாடம் பண்ணிட்டேன்."

பட்டணத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பில்லை. டியூஷன் இருக்கிறது, ஆங்கிலம் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள், தவறு எங்காவது திருத்தப்பட்டுவிடும். தோட்டத்திலிருந்தும் புறம்போக்கு வீடுகளிலிருந்தும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கோ ஆங்கிலம் என்றால் அந்த ஆசிரியர் சொல்வதுதான். அவர் வாயிலிருந்து வருவதே இலக்கணம், அவர் எழுதுவதே எழுத்துக்கூட்டல். ஆகவே, ஆசிரியர் பணிக்கு வர விரும்புகிறவரின் ஆங்கிலச் சொல்வளத்தையும் இலக்கணத்தையும், அவர் வகுப்பறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே எப்படி அளப்பது என்ற கேள்வி ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் முக்கியமாகிறது.

மலேசியாவில் இந்தக் கேள்வி பலத்த சத்தத்தோடு எழுந்தது 2003ஆம் ஆண்டில். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படும் என்ற கொள்கை அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுக்கப்பட்டது, பயிற்சி கொடுக்கப்பட்டது, ஊக்கத்தொகையும் கொடுக்கப்பட்டது. ஆனால் பல ஆண்டுகளாகத் தமிழிலும் மலாயிலும் பாடம் நடத்திய ஒருவரிடம், நாளை முதல் ஆங்கிலத்தில் நடத்துங்கள் என்று சொன்னால் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை அன்றைய மாணவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். 2009ஆம் ஆண்டில் அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது.

அதே 2012ஆம் ஆண்டில்தான் ஆங்கில ஆசிரியர்களின் பக்கம் விளக்கு திரும்பியது. கேம்பிரிட்ஜ் தரநிலைச் சோதனை ஒன்றில் அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். நாட்டிலுள்ள ஏறக்குறைய 70,000 ஆங்கில ஆசிரியர்களும் இந்தச் சோதனையில் தேற வேண்டும் என்ற இலக்கு மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025இல் இடம்பெற்றது. தேர்வெழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை என்ற செய்தி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்தவர்களெல்லாம் ஆசிரியர்களைத் திட்டினார்கள். 'அந்தக் காலத்து சீனியர் கேம்பிரிட்ஜ் படிச்சவன் ஆங்கிலமே வேறே' என்று பெருமூச்சு விட்டார்கள். அந்தக் காலத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை போனவர்கள் எத்தனை பேர், இன்று ஐந்தாம் படிவம் வரை போகிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்தது சி.இ.எஃப்.ஆர். எனப்படும் ஐரோப்பிய அளவுகோல். ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட இதில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஆரம்பப்பள்ளியை முடிக்கும் மாணவர் ஏ2 நிலையிலும், ஆங்கிலம் போதிக்கும் ஆசிரியர் சி1 நிலையிலும் இருக்க வேண்டும் என்று 2015–2025 ஆங்கிலக் கல்விச் சீரமைப்புத் திட்டம் வகுத்தது. மாணவரைவிட ஆசிரியர் மூன்று படி மேலே நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

ஆனால் நேயர்களே, அந்த மூன்று படியை எந்தத் தேர்வு அளக்கிறது?

பலருக்கும் தெரிந்தது மூயெட் தேர்வு. மலேசியத் தேர்வு மன்றம் 1999 முதல் நடத்தி வருவது. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு பகுதிகள். முன்பு மொத்தம் 300 புள்ளிகளில் வாசிப்புக்கு மட்டும் 120. பேச்சுக்கு வெறும் 45. நாள் முழுவதும் வாயால் பாடம் நடத்தப் போகிற ஒருவரின் பேச்சுக்கு நூற்றுக்குப் பதினைந்து விழுக்காடு! வாசிப்பில் புள்ளிகளை அள்ளிக்கொண்டு, வாயைத் திறக்கத் தயங்குகிறவரும் நல்ல நிலையில் தேறிவிட முடிந்தது. 2021ஆம் ஆண்டில் இது மாற்றப்பட்டு, நான்கு பகுதிகளுக்கும் சமமாகத் தலா 90 புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. நல்ல மாற்றம். இருந்தாலும் இலக்கணத்துக்கென்று தனித்தாள் அதில் இல்லை. எழுத்திலும் பேச்சிலும் இலக்கணம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவதோடு சரி.

பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆப்டிஸ் தேர்வு வேறு மாதிரி. அதில் இலக்கணத்துக்கு 25 கேள்விகள், சொல்வளத்துக்கு 25 கேள்விகள், 25 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெரும்பாலும் தெரிவு செய்யும் கேள்விகள்தாம். விரைவாக நடத்தலாம், கணினியே திருத்திவிடும், ஆயிரக்கணக்கானோரை ஒரே அளவில் வைத்துப் பார்க்கலாம். முதல் சல்லடையாக இது போதும்.

இதோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல். சரியான விடையைக் கோடிடத் தெரிந்தவருக்கெல்லாம், அது ஏன் சரி என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. 'மை ஃபாதர் ஹேஸ் வென்ட் டு வொர்க்' என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'வென்ட்' தவறு, 'கான்' வர வேண்டும் என்று பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். "ஏன் டீச்சர்? நேத்து நீங்கதானே 'வென்ட்' சரின்னு சொன்னீங்க?" என்று பையன் கேட்டால்? வினைச்சொல்லுக்கு மூன்று வடிவம் உண்டு, 'ஹேஸ்' வந்தால் மூன்றாவதைத்தான் பிடிக்கும், நேற்றைய வாக்கியத்தில் 'ஹேஸ்' இல்லை என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். 'அது அப்படித்தான், எழுதிக்கோ' என்று சொல்லும் ஆசிரியரும் தேர்வில் முழுப்புள்ளி வாங்கியவராக இருக்கலாம்.

இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்த இடம் ஹாங்காங். அங்கு ஆங்கில ஆசிரியர்களுக்கான மொழித்திறன் தேர்வு 2001ஆம் ஆண்டில் முதன்முதலாக நடந்தது. அறிவிப்பு வந்ததுமே ஆசிரியர்கள் கொதித்தார்கள், வீதியில் இறங்கி ஊர்வலம் போனார்கள். பல ஆண்டு அனுபவமுள்ளவரை மாணவர் போலத் தேர்வு மண்டபத்தில் உட்கார வைப்பதா என்பது அவர்களுடைய கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தேர்வின் அமைப்பைப் பார்த்தால், அது வகுப்பறையை அறிந்தவர்கள் செய்தது என்பது தெரியும். எழுத்துத் தாளின் ஒரு பகுதியில் மாணவர் எழுதிய கட்டுரை ஒன்று, தவறுகளோடு தரப்படும். தவறுகளைத் திருத்த வேண்டும். பிறகு, அவற்றில் சில ஏன் தவறு என்று விளக்கமும் எழுத வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இந்த எழுத்துத் தாள்தான் பலரைத் தடுக்கி விழ வைத்தது. அது மட்டுமன்று, மதிப்பீட்டாளர் வகுப்பறைக்கே வந்து, ஆசிரியர் பாடம் நடத்தும்போது பேசும் ஆங்கிலத்தைக் கேட்டும் மதிப்பிடுவார்.

இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது. அங்கு ஆசிரியர் பயிற்சிக்கு வருவோருக்கு எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம் முதலியவற்றைக் கணினியில் சோதிக்கும் தேசியத் தேர்வு பல ஆண்டுகள் நடந்தது. 2020இல் அதை நிறுத்திவிட்டு, பயிற்சி தரும் நிறுவனங்களே தங்கள் மாணவர்களின் திறனை உறுதிசெய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சொல்வளத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நியூசிலாந்து மொழியறிஞர் பால் நேஷன் 1980களில் உருவாக்கிய சொல்வளச் சோதனை, முதல் 2,000 சொற்கள் தெரியுமா, 3,000 தெரியுமா, 5,000 தெரியுமா என்று படிப்படியாகப் பார்ப்பது. நாளிதழையோ நாவலையோ பிறர் உதவியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என்பது அவர் 2006இல் வெளியிட்ட கணக்கு. 'ஹெல்ப்', 'ஹெல்பர்', 'ஹெல்ஃபுல்' எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். வருங்கால ஆசிரியருக்கு அந்த அளவு வேண்டும்தான். ஆனால் விசித்திரம் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் சீர்கேடு, உலகமயமாதல் என்று கட்டுரைக்கான பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களை அடுக்கத் தெரிந்த விண்ணப்பதாரர்களிடம், 'தாளை இரண்டாக மடி, ஓரத்தைக் கிழிக்காதே, விடைக்குக் கீழே கோடு போடு' என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படித்த சொற்கள் வேறு, வகுப்பில் புழங்கும் சொற்கள் வேறு. நேர்முகத் தேர்வில் 'உங்கள் இலட்சியம் என்ன' என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு தாளைக் கையில் கொடுத்து, படகு செய்வதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் ஐந்தே நிமிடத்தில் நிறைய தெரிந்துவிடும்.

மலேசியப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலாய் மொழியும் ஆங்கிலமும் ஒரே ரோமன் எழுத்தைப் பயன்படுத்துகின்றன. எஃப், ஏ, ஐ, எல் என்ற நான்கு எழுத்தும் மலாயில் கோப்பைக் குறிக்கும். ஆங்கிலத்தில் தேர்வில் தோற்பதைக் குறிக்கும். ஏ, ஐ, ஆர் என்றால் மலாயில் தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. போலீஸ் என்ற சொல்லை மலாயில் ஒலிக்கும்படியே 'எஸ்' போட்டு முடிப்பார்கள். பிள்ளை ஆங்கில நோட்டிலும் அப்படியே எழுதும். வீட்டில் தமிழ், கடையில் மலாய், பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் நிற்கும் பிள்ளை அது.

'டிஸ்கஸ் எபவுட்' என்று எழுதாதவர் குறைவு. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பிறகு 'எபவுட்' தேவையில்லை. ஆனால் தமிழில் 'அதைப் பற்றிக் கலந்து பேசினோம்' என்கிறோம், மலாயிலும் 'பெர்பின்சாங் தெந்தாங்' என்கிறோம். இரண்டு பக்கமிருந்தும் அந்தப் 'பற்றி' பிள்ளையை இழுக்கிறது. அதேபோல, 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்பதில் உள்ள 'இருக்கிறார்கள்' என்ற சொல்தான் 'எம் ஹேவிங்' என்று உருமாறி வருகிறது. இந்தத் தவறு எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தமிழும் மலாயும் தெரிந்த ஆசிரியரால் உடனே பிடித்துவிட முடியும். வெளிநாட்டுத் தேர்வு எதுவும் இந்தத் திறனுக்குப் புள்ளி கொடுப்பதில்லை. ஆசிரியர் கல்விக் கழகங்களில் சேர விண்ணப்பிக்கும் நம் இளைஞர்களிடம் இருக்கக்கூடிய ஒரு பலம், எந்தப் படிவத்திலும் பதிவாகாமல் போகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளிலிருந்தே பத்து வாக்கியங்களை எடுத்து, திருத்தவும் விளக்கவும் சொல்லி ஒரு தாள் தயாரிப்பது அப்படியொன்றும் செலவு பிடிக்கும் காரியமன்று.

தேர்வில் பின்தங்குகிறவரைத் தள்ளிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எஸ்பிஎம் முடித்துவிட்டு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சி1 நிலையை எதிர்பார்க்க முடியாது. பயிற்சிக்கு வரும்போது எங்கே நிற்கிறார், முடிக்கும்போது எங்கே நிற்கிறார் என்று இரண்டு முறை அளந்தால்தான் பயிற்சி என்ன செய்தது என்பதும் தெரியும். முதல் முறை அளப்பது அவருக்காக. இரண்டாவது முறை அளப்பது பிள்ளைகளுக்காக. இரண்டாவதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. அங்கே கருணை காட்டினால் அதற்கான விலையை நான்காம் ஆண்டு மாணவி கொடுப்பாள்.

அந்த லாரி ஓட்டுநர் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். சண்டை போடப் போகவில்லை, கேட்கத்தான் போனார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. என் அக்கா மகன் இது தப்புன்னு சொல்றான். எனக்குத் தெரியாது, அதான் கேக்கலாம்னு வந்தேன்."

ஆசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை.

"அவர் சொன்னது சரியாத்தான் இருக்கும் அண்ணே. நான் தமிழ்மொழிக்குப் பயிற்சி எடுத்தவ. ஆங்கில டீச்சர் மாற்றலாகிப் போனதிலிருந்து என்னை எடுக்கச் சொல்லியிருக்காங்க. ராத்திரியில புத்தகம் பாத்துட்டுத்தான் வர்றேன்."

ஆங்கிலத்துக்குப் பயிற்சி பெறாதவர்கள் ஆங்கிலம் எடுப்பது மலேசியப் பள்ளிகளில் புதிய செய்தி இல்லை. எவ்வளவு நல்ல நுழைவுத் தேர்வு வைத்தாலும், அந்தத் தேர்வை எழுதாத ஒருவரிடம் வகுப்பை ஒப்படைத்தால் தேர்வினால் என்ன பயன்?

மறுநாள் அந்த ஆசிரியை இரண்டு வாக்கியங்களையும் வெண்பலகையில் எழுதி, தான் திருத்தியதுதான் தவறு என்று மாணவர்களிடமே சொன்னார். தலைமையாசிரியரைத் தந்தை பார்த்தபோது, ஆங்கில ஆசிரியர் கேட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போயிருப்பதாகவும், பதில் இன்னும் வரவில்லை என்றும் அவர் தெரிவித்தார்.