மழையை மட்டும் அளந்தால் போதாது
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மடவார் வளாகத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அங்கே பெய்கிற மழை ஓடைகளில் இறங்கி, கண்மாய்களை நிரப்பி, வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் வளர்வது இந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்ளேதான்.

பொறியாளராக இருந்தபோது ஓர் ஓடைக்குச் சின்னப் பாலம் வடிவமைத்தேன். அப்போது மேலே மானாவாரி நிலம். மழைக் கணக்கைச் சரியாகத்தான் போட்டேன். சில வருஷத்தில் அந்த நிலமெல்லாம் பிளாட் ஆயிற்று. பிறகு ஒரு மழையில் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் போயிற்று. பக்கத்து வயலில் முழங்கால் அளவு மணல். "மழை எப்பவும் பெய்யற மழைதான் சார், வர்ற தண்ணிதான் கூடிப் போச்சு" என்றார் வயல்காரர். எனக்குப் பதில் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 10 ஹெக்டேரில் 5 செ.மீ. மழை பெய்தால் 50 லட்சம் லிட்டர். செடி மூடிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓடினால் 10 லட்சம். அதுவே கூரையும் தார் ரோடுமாகி, பத்தில் ஏழு பங்கு ஓடினால் 35 லட்சம்!

மண் அரிப்புக்கும் ஒரு சமன்பாடு உண்டு. அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் 1965-இல் வெளியிட்டு, 1978-இல் திருத்தியது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவு, மேலே மூடிய பயிர், வரப்பு போன்ற காப்பு வேலை ஆகியவற்றைப் பெருக்கிக் காண வேண்டும். கடைசி இரண்டும் முழுக்க நம் கையில். ஜேசிபி விட்டு வழித்த மனை, வீடு கட்டும்வரை வெறும் மண்ணாகக் கிடக்கிறது. அந்த மண் கண்மாயை மேடாக்குகிறது. ஓடி வரும் தண்ணீர் கூடுகிறது, தாங்கும் இடம் குறைகிறது. ஆபத்து இதுதான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததை மறக்கலாமா? தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன.

நண்பர்களே, மனை வாங்குமுன் கிராம வரைபடத்தில் ஓடை இருக்கிறதா என்று பாருங்கள். தம்பி தங்கைகளே, மலையடிவாரத்திலிருந்து கண்மாய் வரை ஓர் ஓடையோடு நடந்து போங்கள். பாலத்தின் அகலத்தை அளங்கள். பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.

என் பாலத்திலிருந்தே ஆரம்பியுங்கள். தப்பு எங்கே என்று நானே கூட வந்து காட்டுகிறேன்.