வாராக் கடன்



ஓவியம் விற்கும் வணிகனுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் பொருட்டு ஒரு பழைய செய்தியைக் கூறுகிறேன்.

பிரான்சு நாட்டு ஓவியர் மோனே தீட்டிய புகழ்பெற்ற சூரியோதயப் படத்தை, பாரிஸ் நகரத்துத் துணி வணிகர் எர்னெஸ்ட் ஒஷதே 1874-இல் 800 பிராங்குக்கு வாங்கினார். 1877-இல் அவர் நொடித்துப் போனார். மறு ஆண்டு அவருடைய படங்கள் ஏலத்திற்கு வந்தன. அப்போது அதே படம் 210 பிராங்குக்கே விலைபோயிற்று.

இத்தகைய செல்வர் ஒருவருக்கு ஓவிய வணிகன் ஒருவன் 800 பிராங்குக்குக் கடனாக விற்றிருந்தால் என்ன ஆகும்? விற்ற அன்றே பேரேட்டில் அத்தொகை ஏறிவிடும், இலாபமும் தோன்றும். பெட்டியிலோ காசு இராது.

ஆகவே, ஆண்டு முடிவில் ஒவ்வொரு கடனையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். 800-இல் 300 வருவது ஐயமாயின், அந்த 300-ஐ அவ்வாண்டு இலாபத்தில் கழித்து, 'ஐயக்கடன் ஒதுக்கு' என்று வைத்தல் முறை. ஐந்தொகையில் 500 மட்டுமே சொத்தாக நிற்கும். வாடிக்கையாளர் கணக்கிலோ 800 அப்படியே இருக்கும். அவர் கடன் தீர்ந்துவிடவில்லை அன்றோ? இனி வாராது என்பது உறுதியான பின்னரே தள்ளுபடி செய்வர். பிற்காலத்தில் ஏதேனும் வருமாயின், அதனை வருமானமாக வரவு வைப்பர்.

இவ்வாறு எழுதாத வணிகன் இல்லாத இலாபத்தை நம்பிச் செலவு செய்வான். முடிவில் ஓவியனுக்குத் தர வேண்டிய பணத்திற்கும் கையை விரிப்பான். 'வரும்' என்பதை 'வந்தது' என்று எழுதாதிருப்பதே கணக்கின் நேர்மை.