குடித்து வண்டி ஓட்டுதலும் சட்டமும்



காய்கறி ஏற்றியும் உறவினரைக் காணவும் நம் ஊர் வண்டிகள் சென்னைக்குச் சென்று வருகின்றன. ஆதலின் அந்நகரில் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. 2016 செப்டம்பரில், மயிலாப்பூரை அடுத்த கதீட்ரல் சாலையோரம் நின்ற ஆட்டோக்கள் மீது கார் ஒன்று மோதியது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உயிர் நீத்தார். காரை ஓட்டியவர் குடித்திருந்தார் என்று போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்.

இத்தகைய சாவை நாம் "விதி" என்று சொல்லி விடுகிறோம். சட்டம் அவ்வாறு சொல்வதில்லை. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மதுச்சாரம் 30 மில்லி கிராமுக்கு மேலிருக்க வண்டி ஓட்டினால், எவருக்கும் தீங்கு நேராவிடினும், முதன்முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

உயிர் போயிற்றெனில், சாவு நேரக்கூடும் என்று அறிந்தே ஓட்டினார் என நீதிமன்றம் கண்டால், 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். மும்பையில் 2006-இல் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர் மாண்ட வழக்கில், ஓட்டியவருக்கு 3 ஆண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது.

டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டந்தான். குடித்தவரை ஓட்டத் தூண்டியவருக்கும் அதே தண்டனை உண்டு. ஆகவே திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் குடித்தவர் கையிலிருந்து சாவியை வாங்கி வைப்பதை நாம் நம் கடமையாகக் கொள்வோமாக.