ஒறம்பரைக்கு அப்பால்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலில் தொடர்புகளை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நெட்வொர்க்கிங் என்று பெயராம். கொங்கு நாட்டுக்காரனுக்கு இதைப் போய்ச் சொல்லித்தர வேணுமா என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போனால் நாலு தலைமுறை ஒறம்பரையை வரிசையாகச் சொல்லிவிடுவோம். யார் நமக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு மொய் நோட்டே சாட்சி. அந்த நோட்டு போதாமல் போன கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

1986இல் கணபதியில் இரண்டு லேத் போட்டுப் பட்டறை ஆரம்பித்தேன். ஒரே ஒரு பம்ப் செட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க். 12 வருஷம் வேறு வாசலை மிதிக்கவில்லை. 1998இல் ஒருநாள், "இனிமேல் வேலை இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை ஆறு பேருக்குச் சம்பளம் தர வேண்டும். மாமன், மச்சான், பங்காளி எல்லாரிடமும் ஓடினேன். பணம் கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆர்டர் மட்டும் யாரிடமும் இல்லை. அவர்களும் பம்ப் செட் தொழில்தானே! எனக்குத் தெரிந்த அதே நாலு கம்பெனிதான் அவர்களுக்கும் தெரியும்.

வேலை வந்த வழி வேறு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "ஏனுங்ணா, அடையாளம் தெரியலீங்களா?" என்றார். விடுதியில் எனக்கு ஜூனியர். பார்த்து 14 வருஷம். படிப்பு முடிந்து கிளம்பும்போது என் மினி டிராஃப்டரை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது, அவருக்கு மறக்கவில்லை. டீ ஆறுவதற்குள், "ஓசூர்ல எங்க கம்பெனிக்கு வால்வு பாடி மெஷினிங் பண்ண ஆள் தேடிட்டு இருக்கறாங்ணா" என்றார். பட்டறை பிழைத்தது.

ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிற்பாடு மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தேன். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், "அவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது, அல்லது அபூர்வமாக என்றவர்களே மிச்சம் எல்லாரும். அவர் கேட்டது சிறு கூட்டத்திடம்தான், ஆனாலும் என் கதைக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. நெருங்கியவர்களுக்கு நம்மேல் பாசம் அதிகம், புதுச் சேதிதான் இருக்காது.

நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். (பானர்ஜிக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.) சொந்தபந்தப் பணம் பின்னால் இருந்த உள்ளூர்க்காரர்கள் அதிக முதலோடு தொடங்கினார்கள். குறைந்த முதலோடு வந்த வெளியார் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து, போகப்போக அவர்களை முந்தினார்கள். இதைக் கேட்டால் நம்மில் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு அதில் தெரிவது வேறு. நம் நம்பிக்கை வட்டத்துக்கு உள்ளேயே சுற்றுகிறது, திறமையோ வெளியே நிற்கிறது. இந்தக் கல்லூரியிலேயே வீட்டில் முதல் பட்டதாரியாக, எந்தக் கம்பெனியிலும் ஒரு மாமனும் இல்லாமல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் யார்?

வட்டத்தைத் தாண்டியும் இந்த ஊர் பழகியிருக்கிறது. 1956இல் தொடங்கிய சிட்ரா மூலம், போட்டி மில்கள் தங்கள் செலவையும் உற்பத்தித் திறனையும் கொடுத்து, மற்ற மில்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன. இதுவும் ஒரு மொய்தான், சேதி மொய்!

தம்பிகளா, "ஏதாவது வேலை இருந்தாச் சொல்லுங்க சார்" என்று கேட்காதீங்க. "பார்க்கலாம் தம்பி" என்பதைத் தவிர அதற்குப் பதில் கிடையாது. "ஃபவுண்டரியில் தரப் பிரிவுக்குப் போக எதைக் கத்துக்கணும், யாரைப் பார்க்கணும்?" என்று கேளுங்க. பார்த்த பிறகு என்ன ஆச்சு என்று ஒரு வரி சொல்லுங்க. எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை அதுதான். பத்துப் பேருக்கு வழி சொன்னால் ஒருவர்தான் திரும்பிச் சேதி சொல்கிறார்.

பெரியவர்களுக்கும் ஒன்று. என்னிடம் ஒரு செருப்பு டப்பா நிறைய விசிட்டிங் கார்டு இருந்தது, பாதிப் பேரின் முகம் ஞாபகமில்லை. இப்போதெல்லாம் கார்டின் பின்னால் தேதியும் பேசிய விஷயமும் எழுதிவைக்கிறேன். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்புவதெல்லாம் தொடர்பில் சேராதுங்க.

இலை போட்டாச்சு என்று செயலாளர் கண்ணைக் காட்டுகிறார். இன்றைக்கு ஒரே பேட்ச்காரர்கள் ஒரே வரிசையில் உட்கார வேண்டாமே. என் இலைக்கு இரண்டு பக்கமும் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் யாராவது வந்து உட்காருங்க.