எண் ஒன்று, இடம் பல: எக்செல் கணக்கை வேர்ட் அறிக்கையோடு இணைத்தல்

(தன்னார்வலர் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு விடயம். எக்செல் விரிதாளில் இருக்கும் ஒரு தொகையை வேர்ட் அறிக்கைக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதே அது. நகலெடுத்து ஒட்டினால் போதாதா என்று உங்களில் பலர் எண்ணக்கூடும். ஒரு பக்கக் கடிதத்திற்குப் போதும். ஆனால் நமது அமைப்புக்கள் எழுதுவன ஒரு பக்கக் கடிதங்கள் மட்டும் அல்லவே.

தமிழ்ப் பள்ளியின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம், நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் தனது ஆண்டு விவரத்தை அறக்கட்டளை ஆணையத்திடம் அளிக்க வேண்டும். அந்த அறிக்கையில் மொத்த வருமானம் என்ற ஒரே தொகை முன்னுரையில் ஒரு முறை, அட்டவணையில் ஒரு முறை, பொருளாளர் உரையில் ஒரு முறை, நகரசபைக்கு அனுப்பும் நிதி விண்ணப்பத்தில் மீண்டும் ஒரு முறை வரும். கடைசி இரவில் பொருளாளர் விடுபட்ட ஒரு பற்றுச்சீட்டைக் கண்டெடுத்து விரிதாளைத் திருத்துகிறார். அட்டவணையைப் புதிதாக ஒட்டுகிறார். முன்னுரையில் பழைய தொகை அப்படியே நின்றுவிடுகிறது. இரு பக்கங்களில் இரு தொகைகளைக் காணும் அதிகாரி, "தட்டச்சுப் பிழை போலும்" என்று பெருந்தன்மையோடு கடந்து செல்லமாட்டார். கணக்கு முழுவதையுமே ஐயுறுவார். பெரிய நிறுவனங்களுக்கு விளக்கம் சொல்ல ஆட்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை வகுப்பறையில் இயங்கும் பள்ளிக்கு அந்த வசதி இல்லை.

இதற்கான வழி நீண்டகாலமாகவே நம் கணினிகளில் இருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1990ஆம் ஆண்டில் ஓஎல்இ என்னும் நுட்பத்தை வெளியிட்டது. இணைத்தல், உட்பதித்தல் என்னும் இரு செயல்கள் அப்பெயரிலேயே அடங்கியுள்ளன. இணைத்தால் எண் விரிதாளிலேயே இருக்கும். வேர்ட் அதை எட்டிப் பார்த்துக் காட்டும். உட்பதித்தால் விரிதாளே வேர்ட் கோப்புக்குள் குடியேறிவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

செய்முறை கடினமானதன்று. முதலில் விரிதாளைச் சேமியுங்கள். பெயரிடப்படாத கோப்போடு இணைப்பு நிலைக்காது. மொத்தத் தொகை உள்ள கட்டத்தைத் தெரிவு செய்து நகலெடுங்கள். வேர்டில் உரிய வரியில் சுட்டியை வைத்து, கன்ட்ரோல், ஆல்ட், வி ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். பேஸ்ட் ஸ்பெஷல் என்ற பெட்டி தோன்றும். அதில் பேஸ்ட் லிங்க் என்பதைத் தெரிவு செய்தல் முக்கியம். பலர் இதைக் கவனியாது விடுகின்றனர். வாக்கியத்தின் நடுவே வரும் எண்ணாயின், வடிவமற்ற யூனிகோட் உரை என்னும் வகையை எடுங்கள். அதனருகிலேயே யூனிகோட் என்ற சொல் இல்லாத இன்னொரு வகையும் இருக்கும். அதைத் தெரிவு செய்தால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய விரிதாள்களை இன்றும் வைத்திருப்போர் இங்கே இருப்பீர்கள். அவற்றை வடிவமற்ற உரையாகக் கொண்டுவந்தால், எழுத்துரு கழன்று ஆங்கில எழுத்துக்களின் குவியலே மிஞ்சும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே இணையுங்கள்.

இன்னொன்று: கட்டத்தில் தோன்றும் வடிவமே அறிக்கைக்கு வரும். விரிதாளில் 1,25,000 என்று இலட்சக் கணக்கில் காற்புள்ளி இட்டிருந்தால் அறிக்கையிலும் அவ்வாறே தோன்றும். இங்குள்ள அதிகாரி 125,000 என்று எதிர்பார்ப்பார். நிரல் ஒடுங்கியிருந்து எண்ணுக்குப் பதிலாக வேலிக்குறிகள் தெரிந்தால், அந்த வேலிக்குறிகளே அறிக்கைக்கும் பயணம் செய்யும்.

இனி, நான் சற்று நின்று பேச விரும்பும் இடத்திற்கு வருகிறேன். இணைத்த எண்ணின் மீது சுட்டியை வைத்து ஆல்ட், எஃப் 9 ஆகிய இரண்டையும் அழுத்துங்கள். எண் மறைந்து, நெளிவு அடைப்புக்குள் லிங்க் என்று தொடங்கும் ஒரு வரி தெரியும். அதில் கோப்பு இருக்கும் முழுப் பாதையும், தாளின் பெயரும், வரிசை எண்ணும் நிரல் எண்ணும் இருக்கும். வேர்ட் அறிந்திருப்பது "24ஆவது வரிசை, 5ஆவது நிரல்" என்ற முகவரியை மட்டுமே. அங்கே குடியிருப்பது மொத்தத் தொகை என்பதை அது அறியாது. வேர்ட் கோப்பு மூடியிருக்கும் வேளையில் பொருளாளர் மேலே ஒரு வரிசையைப் புகுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25ஆவது வரிசைக்கு இறங்கிவிடும். அறிக்கையோ 24ஆவது வரிசையில் இருக்கும் மண்டப வாடகையை மொத்த வருமானமாகக் காட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. பிழை என்று தெரியும் பிழையைத் திருத்திவிடலாம். சரியான எண்ணைப் போலவே தோற்றமளிக்கும் பிழைதான் அச்சு வரை போய்ச் சேரும்.

ஆகையால் கட்டத்திற்குப் பெயர் சூட்டுங்கள். விரிதாளில் மொத்தக் கட்டத்தைத் தெரிவு செய்து, இடப்புறம் மேலே கட்டத்தின் முகவரி தெரியும் சிறு பெட்டியில் இடைவெளி இல்லாத ஒரு பெயரை ஆங்கில எழுத்துக்களில் எழுதி என்டர் அழுத்துங்கள். பின்னர் வேர்டில் அந்த நெளிவு அடைப்பு வரிக்குள் வரிசை, நிரல் முகவரியை நீக்கிவிட்டு, மேற்கோட் குறிகளுக்குள் அப்பெயரை எழுதி எஃப் 9 அழுத்துங்கள். இனி மொத்தம் எந்த வரிசைக்குச் சென்றாலும் பெயரும் உடன் செல்லும்.

வரிசைகள் விடுபடுவது சிறியோர்க்கு மட்டும் நேர்வதன்று. பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட, அரசுகளின் கடன் பற்றிய புகழ்பெற்ற ஆய்வின் விரிதாளில், ஒரு சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளைத் தொடாமல் நின்றுவிட்டிருந்தது. 2013இல் அதைக் கண்டுபிடித்தவர்களுள் முதன்மையானவர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன். இளையோரே, அவர் பேராசிரியர் அல்லர், மாணவர் என்பதை நினைவில் வையுங்கள்.

இணைப்பைப் புதுப்பிக்க, அனைத்தையும் தெரிவு செய்து எஃப் 9 அழுத்தினால் போதும். ஆயினும் பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு, தனிப்பெட்டி ஆகியவற்றுள் இருக்கும் எண்கள் இதில் அடங்கா; அவற்றுள் தனித்தனியே சென்று புதுப்பிக்க வேண்டும். இணைப்புள்ள ஆவணத்தைத் திறக்கும்போது, வேறு கோப்புகளிலிருந்து புதுப்பிக்கவா என்று வேர்ட் கேட்கும். உங்களுடைய கோப்பானால் ஆம் என்று சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதானால் இல்லை என்றே சொல்லுங்கள். இதையொத்த டிடிஇ என்னும் பழைய நுட்பத்தைத் தீயோர் தாக்குதலுக்குப் பயன்படுத்தியமையால், 2017 டிசம்பரில் மைக்ரோசாப்ட் அதனை வேர்டில் முடக்கியது.

பொருளாளரின் கணினியில் உருவாக்கிய இணைப்பு, செயலாளரின் கணினியில் புதுப்பிக்க முயன்றால் பெரும்பாலும் அறுந்துபோகும். முழுப் பாதையை அது நம்பியிருப்பதே காரணம். இறுதி அறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பை ஒருவரிடம், ஒரு கணினியில் விடுவதே நலம். இதற்கு மேல் நுணுக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. கூகுள் டாக்ஸ் பயன்படுத்துவோருக்கு இச்சிக்கல் குறைவு. கூகுள் ஷீட்ஸ் அட்டவணையை இணைத்து ஒட்டினால் புதுப்பிப்பதற்கான பொத்தான் அங்கேயே தோன்றும்.

இப்போது உட்பதித்தலுக்கு வருகிறேன். பேஸ்ட் லிங்க் என்பதை விட்டுவிட்டு எக்செல் ஒர்க்ஷீட் ஆப்ஜெக்ட் என்பதைத் தெரிவு செய்தால், பக்கத்தில் ஐந்து வரி அட்டவணைதான் தெரியும். ஆனால் அதன் மீது இருமுறை சொடுக்குங்கள்: விரிதாள் புத்தகம் முழுவதும் திறக்கும். அடுத்த தாளில் இருக்கும் நன்கொடையாளர் பெயர்கள், பிள்ளைகளின் பிறந்த நாட்கள், புகலிடம் கோரியோரின் முகவரிகள் அனைத்தும் பெறுபவர் கைக்குப் போய்விடும்.

2023 ஓகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் அறியும் உரிமையின் கீழ் வந்த கேள்வி ஒன்றுக்கு விரிதாளில் பதிலளித்தது. அதில் மறைந்திருந்த ஒரு தாளின் வழியாக 9,400க்கும் மேற்பட்ட அலுவலர், ஊழியர் விவரங்கள் வெளியாயின. அடுத்த ஆண்டு 750,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. 2022இல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து தவறுதலாக வெளியே சென்ற ஒரு விரிதாளில், இங்கு வர விண்ணப்பித்த 18,000க்கும் மேற்பட்ட ஆப்கானியர்களின் விவரங்கள் இருந்தன. இந்தச் செய்தி 2025 ஜூலையில்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. இவை வேர்டில் உட்பதித்ததால் நேர்ந்தவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத வரிசைகள் கோப்போடு சேர்ந்து பயணம் செய்தமையால் நேர்ந்தவை. ஊரில் உறவினரை விட்டு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் எந்த அமைப்புக்கும், இது கணினிச் செய்தி மட்டுமன்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனவே நமது ஆவணங்களில் உட்பதித்தலை முற்றாகத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். பெயர்ப் பட்டியல் வேறு கோப்பிலும், மொத்தங்கள் வேறு கோப்பிலும் இருக்கட்டும்.

இணைப்பும் அறவே குற்றமற்றதன்று. அந்த நெளிவு அடைப்பு வரியில் உங்கள் கணினியின் பயனர் பெயரும் கோப்புறைப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து, அப்பிரதியில் இணைப்புகளைத் துண்டியுங்கள். ஃபைல், இன்ஃபோ என்று சென்றால் எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் என்பது இருக்கும். அதனுள் பிரேக் லிங்க் என்பதை அழுத்தினால் எண் சாதாரண எழுத்தாகிவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. அனைத்தையும் தெரிவு செய்து அதை அழுத்தினால் பொருளடக்கத்தின் பக்க எண்களும் உறைந்துபோகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பின்னர் அப்பிரதியைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மூலக் கோப்பு இணைப்புகளோடு அடுத்த ஆண்டுக்காக உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்த அறையில் கணினிகளில் ஒரு மாதிரி ஆண்டறிக்கையும் அதன் விரிதாளும் வைக்கப்பட்டுள்ளன. விரிதாளில் வேண்டுமென்றே ஒரு வரிசையைப் புகுத்தி வைத்திருக்கிறோம். பெற்றோர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக அமர்ந்து, எந்த எண் இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கேள்விகளை அங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.