அரசுடைமையும் நாட்டுடைமையும்



பிழைப்பை நாடித் தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குச் சில நிறுவனங்கள் உறவினரைப் போலப் பழகியவை. தபாலாபீஸ் ஒன்று, ரயில் நிலையம் ஒன்று, ஸ்டேட் பாங்கு மற்றொன்று. கான்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ வேலை பார்க்கும் மகன் கட்டும் பணம், கும்பகோணத்தில் இருக்கும் தாயின் கணக்கில் சேர்கிறது. அந்தப் பாங்கு யாருடையது என்று கேட்டால், “சர்க்கார் பாங்கு” என்று உடனே விடை வரும். விடை சரியானதே. ஆனால் ஒரு நிறுவனம் சர்க்காருக்குச் சொந்தம் என்றால், அதனால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்வியை ஏடுகளின் துணைகொண்டு பல்லாண்டு ஆராய்ந்த பொருளாதார வரலாற்றாசிரியர் ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் அமிய குமார் பாக்சி.

மத்திய அரசாங்கத்தின் ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் நாம் இரண்டு சொற்களை அடிக்கடி எழுத நேர்கிறது. ஒன்று ‘அரசுடைமை’, மற்றொன்று ‘நாட்டுடைமை’. அரசாங்கம் ஒரு தொழிலை ஏற்றுக்கொண்டது என்ற ஒரே செய்திக்கு இவ்விரண்டும் வழங்குகின்றன. எனினும் இவை ஒன்றல்ல. அரசு என்பது ஆளும் அமைப்பு. நாடு என்பது அதில் வாழும் மக்கள். முன்னது பின்னதாக எப்போது ஆகிறது, எப்போது ஆகாமற் போகிறது என்பதை அறிய விரும்புவோர்க்குப் பாக்சியின் நூல்கள் நல்ல துணையாகும்.

1936-இல் வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பிறந்த பாக்சி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்று, 1963-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே ஆசிரியராகவும் பணியாற்றினார். பின்னர் தாயகம் திரும்பி, கல்கத்தாவையே தம் ஆராய்ச்சிக் களமாகக் கொண்டார்.

அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்த நூல் 1972-இல் வெளிவந்தது. 1900 முதல் 1939 வரை இந்தியாவில் நிகழ்ந்த தனியார் முதலீட்டை அது ஆராய்கிறது. இந்தியரிடம் தொழில் முனைப்பு இல்லை, மூலதனம் இல்லை, அதனாலேயே ஆலைகள் பெருகவில்லை என்பது அந்நாளில் பலரும் சொல்லிவந்த காரணம். பாக்சி அதனை ஏற்கவில்லை. மக்கள் வறியராயிருந்தமையால் சரக்குக்குப் போதிய தேவை எழவில்லை. முதல் உலகப் போருக்கு முன் உள்நாட்டுத் தொழிலுக்குக் காப்பு வரி இல்லை. அரசாங்கத்தின் ஆதரவும் பாங்குகளின் ஆதரவும் ஐரோப்பியக் கம்பெனிகளின் பக்கமே சாய்ந்திருந்தன. இவையே தடைகள் என்று அவர் வாதிட்டார். தனியார் முதலீட்டை ஆராயப் புகுந்தவர், இவ்வாறு அரசாங்கத்தின் வாசலில் வந்து நின்றார்.

பிற்பாடு ஸ்டேட் பாங்கு தன் வரலாற்றை எழுதும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. 1806 முதல் 1876 வரையிலான வரலாறு 1987-இலும், அதன்பின் 1920 வரையிலான வரலாறு 1997-இலும் வெளிவந்தன. ஒரு நிறுவனம் தன் வரலாற்றைத் தானே எழுதச் செய்யும்போது புகழ்மாலையை எதிர்பார்ப்பது இயல்பு. பாக்சி எழுதியதோ, ஒரு பாங்கின் கதை வாயிலாக ஒரு நாட்டின் கதை.

அக்கதையின் தொடக்கமே நம்மை வியக்க வைக்கும். 1806-இல் கல்கத்தா பாங்கு நிறுவப்பட்டது. 1809-இல் அது சாசனம் பெற்று வங்காள பாங்கு ஆயிற்று. அதன் மூலதனம் 50 லட்ச ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 லட்ச ரூபாய், கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசாங்கத்துக்கு உரியது. இயக்குநர் ஒன்பதின்மருள் மூவரை அரசாங்கமே நியமித்தது. பின்னர் 1840-இல் பம்பாய் பாங்கும், 1843-இல் மதராஸ் பாங்கும் தோன்றின. அவற்றிலும் அரசாங்கம் பங்கு வைத்திருந்தது. ஆகவே, அரசாங்கம் ஒரு கம்பெனியில் பங்குதாரராவது சுதந்திர இந்தியா கண்டுபிடித்த புதுமையன்று.

ஆனால் அந்தப் பங்குடைமை யாருக்குப் பயன்பட்டது? அரசாங்கத்தின் நிதித் தேவைக்கும் ஐரோப்பிய வாணிபத்துக்கும் பயன்பட்டது. அரசாங்கக் கடன் பத்திரங்களையும், அவுரி, அபின், உப்பு, பருத்தி போன்ற சரக்குகளையும் ஈடாகப் பெற்றுக் கடன் அளிக்கப்பட்டது. நிலத்தை ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கலாகாது என்பது விதி. தவணையும் சில மாதங்களே. உழவனுக்குச் சொத்து நிலம். அவனுக்கு வருமானம் வருவது அறுவடைக்குப் பின்னர். இவ்விதிகளை எழுதியபோதே அவன் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டான். இது அரசுடைமையே; நாட்டுடைமையன்று.

பங்கு வைத்திருந்ததால் அரசாங்கம் நிறுவனத்தைச் செவ்வையாகக் கண்காணித்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் 1861 முதல் பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறியது. பணம் வெள்ளமாய்ப் புரண்டது. புதுக் கம்பெனிகள் நாளுக்கு நாள் முளைத்தன. பம்பாய் பாங்கு அக்கம்பெனிகளின் பங்குகளை ஈடாகக் கொண்டே கடனை வாரி வழங்கியது. 1865-இல் போர் முடிந்து விலை சரிந்தபோது அனைத்தும் சரிந்தன. 1868-இல் பழைய பாங்கு மூடப்பட்டுப் புதிய பாங்கு அமைக்கப்பட்டது. அரசாங்கம் நியமித்த இயக்குநர்களும் அந்த வீழ்ச்சியைத் தடுத்திலர். இதன் பின்னர் 1876-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மூன்று பாங்குகளிலும் இருந்த தன் பங்குகளை அரசாங்கம் கைவிட்டது. ஆயினும் தன் பணத்தை அவற்றிலேயே போட்டுவைத்தது. உடைமை நீங்கியது, உறவு நீங்கவில்லை. 1921-இல் மூன்றும் இணைந்து இம்பீரியல் பாங்கு ஆனபோதும், இந்திய வணிகர்களுக்குக் கடன் வழங்குவதில் பாரபட்சம் காட்டப்படுகிறது என்ற முறையீடு ஓயவில்லை.

இவ்விடத்தில் சென்னையில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவிற்கொள்ளுதல் தகும். 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, எண்ணற்றோரின் சேமிப்பு அழிந்தது. மறு ஆண்டே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் பாங்கு பிறந்தது. அது தனியார் பாங்கு. ஆயினும் ஊராரின் தேவையிலிருந்து பிறந்தது. சர்க்காரின் பங்கு இருந்தும் மக்களை எட்டாத பாங்கு ஒரு பக்கம். சர்க்காரின் பங்கு இல்லாமலே மக்கள் எழுப்பிய பாங்கு மறுபக்கம். இந்தியன் பாங்கும் 1969-இல் நாட்டுடைமையான பதினான்கு பாங்குகளுள் ஒன்றாயிற்று என்பது வரலாற்றின் பிற்பகுதி.

சுதந்திரத்துக்குப் பின், கிராமக் கடன் நிலையை ஆராய 1951-இல் கோர்வாலா தலைமையில் ஒரு குழு அமைந்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் காட்கிலும் அதில் உறுப்பினர். 1954-இல் வெளிவந்த அறிக்கை கூறியது இது: உழவர் பெற்ற கடனில் வட்டிக்கடைக்காரரும் நிலமுடைய லேவாதேவிக்காரரும் கொடுத்தது 69.7 விழுக்காடு, கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 விழுக்காடு, பாங்குகள் கொடுத்தது 0.9 விழுக்காடு. நூற்றைம்பது ஆண்டுகள் பாங்குத் தொழில் நடந்த நாட்டில், உழவன் வாங்கிய நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூடப் பாங்கிலிருந்து வரவில்லை.

அக்குழுவின் பரிந்துரைப்படி 1955 ஜூலை 1-ஆம் நாள் இம்பீரியல் பாங்கு ஸ்டேட் பாங்கு ஆயிற்று. அதன் பங்குகளில் மிகப் பெரும்பகுதியை ரிசர்வ் பாங்கு ஏற்றது. மாறியது பெயர்ப் பலகை மட்டுமன்று. ஐந்தாண்டுகளுக்குள் 400 புதிய கிளைகளைத் திறக்க வேண்டும் என்ற கடமையும் உடன் வந்தது. உடைமைக்கு ஒரு நோக்கம் எழுதப்பட்டது. அந்நோக்கத்தை அளக்க ஓர் எண்ணும் தரப்பட்டது. 1977 முதல் 1990 வரை, பாங்கு உள்ள இடத்தில் ஒரு கிளை திறக்க விரும்பினால், இல்லாத இடங்களில் நான்கு திறக்க வேண்டும் என்ற விதியும் நடப்பில் இருந்தது. 1981-இல் எடுத்த கணக்கின்படி, கிராமக் குடும்பங்களின் கடனில் ஏறக்குறைய 60 விழுக்காடு பாங்கு, கூட்டுறவு முதலிய நிறுவனங்களிலிருந்து வந்திருந்தது.

இதனால் அரசுடைமையில் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. 2018 மார்ச்சில் பொதுத்துறை பாங்குகளின் கடன்களுள் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் வாராக் கடனாக நின்றன. அவற்றுட் பெரும்பகுதி பெருங்கம்பெனிகள் வாங்கியவை. ஊரில் நகையை அடகு வைத்து வாங்கிய சிறு கடனுக்கு நாள் தவறினால் கடிதம் வருகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தக் கணக்கின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1865-இல் பம்பாயில் தூங்கிய கண்காணிப்பு, பின்னும் தூங்கக்கூடும்.

2007-இல் ரிசர்வ் பாங்கின் கையிலிருந்த ஸ்டேட் பாங்குப் பங்குகள் நேரே மத்திய அரசாங்கத்துக்கு வந்தன. கொல்கத்தாவில் 2002-இல் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தியவரும், 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான பாக்சி, 2024 நவம்பரில் மறைந்தார். பொது நிறுவனங்களை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற வாதம் இன்னும் தொடர்கிறது. விற்பவர் ஒரு விலையைச் சொல்கிறார். வைத்துக்கொள்பவர் ஒரு கொள்கையைச் சொல்கிறார். பாக்சி எழுதிய வரலாற்றைப் படித்தவர் இருவரிடமும் வேறு சில கேள்விகளைக் கேட்பார்: கடன் யாருக்குப் போகிறது? விதி யாரை வெளியே நிறுத்துகிறது? இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

நேயர்களே, பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இக்கேள்விகள் தொலைவானவை அல்ல. நம் சேமிப்பு அங்கே இருக்கிறது. நம் ஊரின் விதைநெல்லுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கடன் அங்கிருந்தே வர வேண்டும். ஒரு சட்டத்தாலும் ஒரு கையெழுத்தாலும் ஒரு நிறுவனத்தை அரசுடைமை ஆக்கிவிடலாம். அதனை நாட்டுடைமையாக வைத்திருப்பது, கணக்குக் கேட்கும் மக்களால் நாள்தோறும் நடக்க வேண்டிய வேலை.